நாலு டிக்கெட்

ஒப்புதல் படிவம் மூன்று மொழியிலும் வேண்டும்
என்று நெறிமுறைக் குழு கடிதம் போட்டிருந்தது.
சிங்களத்தை ருவினி ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டாள்.
நான் தமிழோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன்.

ஆபத்து என்று எழுதினேன்:
ரயில் கடவையில் நிற்கும் சிவப்புப் பலகை.
அபாயம்: மின்மாற்றியில் தொங்கும் மண்டையோடு.
இடர்: படித்தவர்கள் மட்டும் படுவது.
வாய்ப்பு என்று எழுதிப் பார்த்து
நானே சிரித்துவிட்டேன்.
புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு.
ஏதோ துபாயில் வேலை கிடைத்த மாதிரி.

வெளியே பொரளைச் சந்தியின் ஹோர்ன் சத்தம்.
உள்ளே குளிர், இரண்டு திரை, ஒரு கதிரை,
ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பெண்களின்
அழுத்தித் தட்டையாக்கிய மார்புகள்.
பெயர் இல்லை, இலக்கம் மட்டும்.
கொழுப்பு கறுப்பாய் விழும்.
பால் சுரக்கும் இழையம் வெள்ளையாய் விழும்.
கட்டியும் வெள்ளை.
இவ்வளவுதான் என் துறை.
மற்றதெல்லாம் கணக்கு.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு தரம் பார்ப்பேன்,
இடையில் மூன்று மாதம் விட்டு,
முதல் விடை மறந்த பிறகு.
முன்பு மூன்றாம் வகை என்றவளைப்
பின்பு நாலு என்றிருக்கிறேன்.
நூற்றுக்கு ஒன்பது தடவை
எனக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை.
அதற்கும் ஒரு குணகம் உண்டு, போட்டுவிட்டேன்.
கண் களைத்திருந்ததா, அன்றைக்கு மழையா,
அட்டவணை கேட்பதில்லை.

ஜெசிந்தா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
கொட்டாஞ்சேனையில் லொத்தர் விற்பவள்.
டிக்கெட் பலகையை வாசல் காவலாளியிடம்
எண்ணிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.
படிவத்தை விரல் வைத்து வாசித்தாள்.

"அடர்த்தின்னா நல்லதுதானே டொக்டர்?
தலைமுடிக்கு அப்பிடித்தானே சொல்றோம்."

நல்லது இல்லை என்றேன். கெட்டது என்றும் சொல்லவில்லை.
உங்களுடையது நாலாம் வகை,
உள்ளே ஏதும் இருந்தாலும் படத்தில் மறைந்துவிடும்,
அதோடு, வருவதற்கும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடின
என்று தொடங்கி
நின்றுவிட்டேன்.
ஆபத்தா, இடரா, வாய்ப்பா.

அவளே கைகொடுத்தாள்.
"மத்தவங்க கையில ஒரு டிக்கெட்.
என் கையில மூணு, நாலு. அதானே?"

அதுதான்.

"நாலு டிக்கெட் எடுத்தவங்கள்ல
எத்தன பேருக்கு விழுந்திருக்குன்னு நெனைக்கிறீங்க?"
பதினேழு வருஷமாய் விற்கிறாள், பதில் என்னிடம் இல்லை.
"ஆனா விழும்," என்றாள் கொஞ்சம் கழித்து.
"போன வருஷம் ஜிந்துப்பிட்டியில ஒரு மீன்காரருக்கு.
அவர் எடுத்தது ஒண்ணே ஒண்ணு."

ஸ்கேன் எழுதிக் கொடுத்தேன்.
ஆய்வுத் திட்டத்தில் அது இல்லை, நிதியிலும் இல்லை.
வரிசை ஐந்து மாதம்.

லொத்தர் உதாரணத்தைப் படிவத்தில் சேர்த்து அனுப்பினேன்.
சூதாட்டத்தை ஊக்குவிக்கும் என்று
குழு சிவப்பு மையால் வெட்டியது.
கடைசியில் இடர் என்றே அச்சானது.
யாரும் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை,
கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் கேட்டார்கள்.

நாலாம் வகையில் இருநூற்று ஆறு பேர்.
என் வரைபில் அவர்களுடைய கோடு
மற்றக் கோடுகளுக்குச் சற்று மேலே ஏறுகிறது,
இடுப்பில் பிள்ளையோடு மாடிப்படி ஏறுகிறவள் மாதிரி
அங்கங்கே நின்று நின்று.
எந்தப் படியில் யார் என்பது
இன்னொருவரின் பூட்டிய அலுமாரியில் இருக்கிறது.
திறக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை.
அந்த விதியை எழுதியதும் நான்தான்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் ஒன்று வாங்குவேன்.
இலக்கத்தைப் பார்க்காமல் கிழித்துத் தருவாள்.
மிச்சக் காசை எண்ணும்போது
ஸ்கேனுக்குப் போனீங்களா என்பேன்.
"வர்ற வெள்ளிக்கிழமை டொக்டர்," என்பாள்,
அடுத்த ஆளிடம் பலகையைத் திருப்பிக்கொண்டே.
போன தடவையும் வெள்ளிக்கிழமைதான்.